எலெக்ட்ராலிசிஸ் தொட்டி (தண்ணீரில் கரண்ட் விட்டுத் துரு எடுப்பது): துரு பாதிதான் போகிறது, தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. எங்கே தவறு?

தாமிரபரணிக்கரை:
வணக்கம். ஊர் ஏரல் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அப்பாவின் தச்சுப்பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு வண்டலுக்குள் கிடந்த சாமான்களைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டோம். அப்பா அதற்கப்புறம் அந்தச் சாக்கைத் தொடவில்லை. போன மாதம் நான்தான் பிரித்தேன். 6 இஞ்ச் வைஸ் (திருகி இறுக்கிப் பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒன்று, சுத்தியல் தலை ஒன்று, உளி நாலு, இழைப்புளி அலகு இரண்டு. வைஸ் முழுக்கச் செதில் செதிலாகத் துரு, திருகு அசையவே இல்லை.

நான் செய்தது இதுதான். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், போர் தண்ணீர், ஆப்பசோடா இரண்டு பாக்கெட். கரண்ட் நன்றாக ஓடட்டும் என்று இரண்டு கை கல்லுப்பும் போட்டேன். மைனஸ் கிளிப் வைஸில், பிளஸ் கிளிப் பழைய எவர்சில்வர் தட்டில். வீட்டில் இருக்கும் ஆட்டோமேட்டிக் 12 வோல்ட் கார் சார்ஜர் ஓட மறுத்தது, விளக்கு மட்டும் மினுக்கியது. பக்கத்து வீட்டுப் பழைய சார்ஜரை வாங்கி மாட்டியதும் குமிழி வந்தது. இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகிவிட்டது. பிளீச்சிங் பவுடர் வாடை, கண் எரிச்சல். தட்டைப் பார்த்த பக்கம் துரு கறுத்துவிட்டது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது. என்ன தவறு செய்தேன்?

லேத்பட்டறை:
தம்பி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

உங்கள் மைனஸ், பிளஸ் சரி. தவறு இரண்டு இடத்தில். உப்புப் போட்டால் பிளஸ் பக்கம் குளோரின் வரும், நீங்கள் முகர்ந்த வாடை அதுதான். அதைவிடப் பெரிய தவறு எவர்சில்வர் தட்டு. துருவே பிடிக்காத தட்டு, ரொம்ப நாள் உழைக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் அதை மாட்டுகிறார்கள். ஆனால் அதில் குரோமியம் இருக்கிறது. கரண்ட் விட்டால் அது கரைந்து தண்ணீரில் இறங்கும். கையுறை இல்லாமல் அந்தத் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

வேதியியல்_டீச்சர்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. மஞ்சள் நிறம் வந்தால் குரோமேட் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குரோமேட்டில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் கொட்டிய குரோமேட் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்று நமக்குத் தெரியும். அதனால் இந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ தென்னை மூட்டிலோ கிணற்றடியிலோ ஊற்றவே கூடாது, தயவுசெய்து.

நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும். அதுதான் ஃபெரஸ் சல்ஃபேட். திறந்த வெளியில் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மஞ்சள் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுங்கள். குரோமியம் நச்சுக் குறைந்த வடிவத்துக்கு மாறி வண்டலோடு அடியில் படியும். அப்புறமும் எதையும் கொட்டாமல் கேனில் மூடி, பெயர் எழுதி வையுங்கள். அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

தாமிரபரணிக்கரை:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி அண்ணே. அணைத்துவிட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நினைத்தாலே பயமாக இருக்கிறது. சரியாக எப்படிச் செய்வது?

லேத்பட்டறை:
புது டப், புதுத் தண்ணீர், உப்பே வேண்டாம். சலவை சோடா லிட்டருக்கு 5 கிராம் போதும், உங்கள் டப்புக்கு 200 கிராம். அது கிடைக்காவிட்டால் ஆப்பசோடாவை இரும்பு வாணலியில் வறுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் போய்ச் சலவை சோடாவாகிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

பிளஸ் பக்கத்துக்குக் கட்டட வேலையில் மிஞ்சும் முறுக்குக் கம்பி போதும். ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. பைப் வேண்டாம், அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும். கம்பிக்கு நேராகப் பார்க்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், உங்கள் வைஸ் ஒரு பக்கம் அப்படியே நின்றது அதனால்தான். டப்பின் நாலு மூலையிலும் ஒவ்வொரு கம்பி நிறுத்தி, தண்ணீருக்கு மேலே ஒரே வயரால் இணையுங்கள். எந்தக் கம்பியும் வைஸைத் தொடக்கூடாது. பிளஸ் கிளிப்பும் தண்ணீரில் முங்கக்கூடாது, முங்கினால் அதிலுள்ள செம்பு கரைந்து வைஸில் படியும்.

வைஸில் கிளிப் மாட்டும் இடத்தை மட்டும் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். துருவின் மேல் கவ்வினால் கரண்ட் ஏறாது. ஆட்டோமேட்டிக் சார்ஜர் எதிரே பேட்டரி இருப்பது தெரிந்தால்தான் ஓடும், பழைய சார்ஜரே இதற்கு நல்லது.

ஹைட்ரஜன் வரும், அதனால் திறந்த இடத்தில் வையுங்கள், பக்கத்தில் நெருப்புக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள்.

உளியையும் அலகையும் இதில் போடாதீர்கள். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறினால் நொறுங்கும் தன்மை வரலாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

தாமிரபரணிக்கரை:
(ஐந்து நாள் கழித்து) மொட்டை மாடியில் வைத்து இரவு முழுக்க ஓட்டினேன். காலையில் தண்ணீர்மேல் காவி நுரை கட்டியிருந்தது, கம்பி நாலும் செம்மண் பூசியதுபோல் இருந்தன. வைஸை எடுத்தால் கறுப்பாக மை மாதிரி ஒன்று கையில் ஒட்டியது. தேங்காய் நாரால் தேய்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. அடியிலிருந்து 6 என்ற வார்ப்பு எண் எழும்பி வந்ததைப் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கட்டைவிரலால் அந்த எண்ணை இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

சுடுதண்ணீர் ஊற்றித் துடைப்பதற்குள் ஒரு ஓரம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. திருகும் இன்னும் அசையவில்லை.

லேத்பட்டறை:
கறுப்பு வந்தது சரியான அடையாளம். ஈரம் இருக்கும்போதே காற்றுப் பட்டுத் திரும்பத் துரு பிடிக்கும், அதனால் சுடுதண்ணீர் விட்டதும் வெயிலில் வைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள். அந்த ஓரத்தை எண்ணெயும் உப்புத்தாளும் வைத்துத் தேய்த்தால் போய்விடும்.

திருகின் மரைக்குள் கரண்ட் போயிருக்காது. டீசல் விட்டு இரண்டு நாள் ஊறட்டும். அப்புறம் கைப்பிடியைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) இரண்டு பக்கமும் மெதுவாகத் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் வார்ப்பு விரிசல் விடும், அதைத் திரும்பச் சேர்ப்பது கஷ்டம்.

தாமிரபரணிக்கரை:
திருகு வந்துவிட்டது அண்ணே! அப்பாதான் தட்டினார், என்னைத் தட்டவிடவில்லை. இன்று காலை பட்டறையைக் கூட்டிவிட்டு வைஸைப் பழைய இடத்திலேயே முடுக்கினார். கடைசியாக ஒன்று: திருகுக்குக் கிரீஸ் வைக்கவா, எண்ணெய் விடவா?

லேத்பட்டறை:
மரப்பட்டறைக்குக் கிரீஸ் வேண்டாம், தூள் ஒட்டி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் வாரம் ஒரு தடவை நாலு சொட்டு விட்டால் போதும். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.