நீலகிரியிலிருந்து இலங்கை போய்வந்தவர்கள்: சிம் கார்டு, ரோமிங் அனுபவங்கள்

தேயிலைக்காடு (கோத்தகிரி):

மார்ச்சில் அம்மாவோடு இலங்கை மலையகத்து மஸ்கெலியா போய்வந்தேன். பெரியம்மா இன்னும் அங்கேதான், அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார். ரோமிங் பேக் என்றால் நம் ஊர் எண்ணையே வெளிநாட்டிலும் பயன்படுத்தப் போடும் ரீசார்ஜ். நான் 7 நாள் பேக் போட்டிருந்தேன். புதன்கிழமை திருச்சியில் விமானம், அடுத்த செவ்வாய் திரும்புகிறோம். கணக்குக் கச்சிதமாக இருந்தது.

போகும் வழியில் ராமேஸ்வரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் அம்மா. 1972-ல் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து அங்கே இறங்கியபோது அவருக்கு 9 வயது. தாயகம் திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாமில் இருந்துவிட்டு அப்புறம் டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் நின்றோம். என் போனில் ஒரு செய்தி வந்தது: இலங்கைக்கு வரவேற்கிறோம். படித்துச் சொன்னேன். அம்மா போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கரையிலேயே கூப்பிட்டுருச்சு பாத்தியா" என்றார். எனக்கும் கண் கலங்கியது.

அந்த நிமிடமே பேக் ஓட ஆரம்பித்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. நான் போட்ட பேக்கில், வெளிநாட்டு டவரைப் போன் முதன்முதலாகப் பிடிக்கும் நொடியிலிருந்துதான் 7 நாள் கணக்கு. சனிக்கிழமை முடிந்துவிட்டது.

ஞாயிறு காலை பெரியம்மா மகன் எங்களை மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் வெளியே நின்றது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தரையில் நடந்து அதன் படி வரைக்கும் போனோம். என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கோயிலில் திருவிழா பார்த்தவர். முட்டி வலியால் அவர் எங்களோடு வரவில்லை. "கோயில் தெரிஞ்சா வீடியோவுல காட்டு, நேரா பார்க்கணும்" என்று சொல்லியிருந்தார். போனை எடுத்தால் டேட்டா இல்லை. பேக் வாங்கும் ஆப்பும் திறக்கவில்லை. அண்ணன் கையில் பட்டன் போன்தான்.

கோத்தகிரியில் அப்பா காலை 8 மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, போனை மேசையில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தாராம். மத்தியானம் வரைக்கும் சட்டையைக் கழற்றவில்லை என்று தங்கை சொன்னாள். படம்பிடித்து வந்து காட்டினேன். பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த வெள்ளைச் சட்டை எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நாடுகாணி ரோடு (கூடலூர்):

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அண்ணனின் பட்டன் போனிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு நிமிடம் பேசியிருந்தால் உங்கள் தங்கையே உங்கள் எண்ணுக்குப் பேக் போட்டிருப்பார். ரீசார்ஜை யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம். அதைவிட முக்கியம், ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் ரோமிங்கே வேண்டாம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி அந்த ஊர் சிம் கார்டு வாங்கிவிடலாம்.

இனி என் கதை. 2023-ல் மனைவியோடு நுவரெலியா போனேன், மச்சான் மகள் கல்யாணம். அந்த ஊர் கார்டைப் போட்டுவிட்டு நம் ஊர் கார்டைக் கழற்றி பர்ஸில் வைத்தேன். மூன்றாம் நாள் மாலை மகள் கூப்பிடுகிறாள். கல்லூரி விடுதிக்குப் பணம் கட்ட அன்றுதான் கடைசி நாள், என் வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்டவேண்டும். ஓடிபி நம் ஊர் எண்ணுக்குத்தான் வரும். பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மனைவியின் சேலைப் பின்னை வாங்கி போனின் ஓட்டையில் குத்தி, கை நடுங்க கார்டை மாற்றினேன். குளிரில் விரல் மரத்துப்போய் அந்தச் சின்னத் தகடு இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை ஏறியது. சிக்னல் வரவில்லை. ஒரு கோடுகூட இல்லை. வெளிநாட்டு ரோமிங்கைக் கிளம்பும் முன்பே ஊரில் இயக்கி வைத்திருக்கவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. நாடுகாணி இறங்கி கேரளத்து வழிக்கடவு போனால் ரோமிங் காசு பிடித்த காலத்தைப் பார்த்தவன் நான். அது 2017 வாக்கில் ஒழிந்துவிட்டது, இனி எங்கே போனாலும் போன் தானாக வேலை செய்யும் என்று மனதில் பதிந்துபோயிருந்தது.

கூடலூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர் இரவு 9 மணிக்குக் கடையைச் சாத்தாமல் பணத்தைக் கட்டிவிட்டார். மகள் அன்று போனில் அழுத குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

சிம்ஸ்பார்க் குளிர் (குன்னூர்):

எல்லோரும் இங்கிருந்து அங்கே போனதைச் சொல்கிறீர்கள். எனக்கு நடந்தது அங்கிருந்து வந்தவர்களால்.

டிசம்பரில் ஹட்டனிலிருந்து அத்தையும் அவர் மகளும் என் தம்பி கல்யாணத்துக்கு வந்தார்கள். திருச்சி விமான நிலைய வைஃபையில் இருந்து அத்தை மகள் செய்தி அனுப்பினாள்: "மேட்டுப்பாளையம் வந்து கோல் எடுக்கிறேன்." நம் ஊரில் போனை எடுப்பது என்றால், வரும் அழைப்புக்குப் பேசுவது. அதனால் நான்தான் கூப்பிடவேண்டும் போலிருக்கிறது என்று இரவு 7 மணியிலிருந்து அவளுடைய இலங்கை எண்ணுக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே கோல் எடுப்பது என்றால் கூப்பிடுவது! அவள் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் நின்று எனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கார்டில் ரோமிங் இல்லை. இரண்டு பேர் அழைப்பும் போய்ச் சேரவில்லை.

9.40-க்கு ஒரு டீக்கடைக்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். 14 கொண்டை ஊசி வளைவும் மழையில் இறங்கிப் போனேன். அத்தை பெட்டியின் மேல் உட்கார்ந்து, நனைந்த சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பொட்டலத்தை மட்டும் நனையாமல் கட்டிப்பிடித்திருந்தார். கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டுவந்த சேலை. "பரவாயில்ல தங்கம்" என்றார். 68 வயது மனுஷி. அவரை இரண்டரை மணி நேரம் காக்கவைத்துவிட்டேன்.

மறுநாள் குன்னூரில் கார்டு வாங்கப் போனோம். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்பதால் விசா நகல், போட்டோ, உள்ளூர்க்காரர் ஒருவருடைய எண் எல்லாம் கேட்டார்கள். கார்டு உயிர்பெற ஒன்றரை நாள் ஆனது. அதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது.

பந்தலூர் மழை:

நான்கு மாதம் கண்டியில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு அம்மா திரும்பியபோது அவருடைய எண் போயே போய்விட்டது. 16 வருடம் வைத்திருந்த எண். வங்கி, ரேஷன், கேஸ் எல்லாவற்றிலும் அதுதான். இப்போது அந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரோ ஒரு பையன் பேசுகிறான். முதல் தடவை அவன் "யாரு?" என்று கேட்டபோது அம்மா பதில் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினார்.

அதனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும், நீளமாக இருந்தாலும் படியுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் எடுத்துவிடலாம் என்பது விதி. கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். இருப்பை நம்பாதீர்கள். நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் 84 நாள், 365 நாள் என்று நீளமான ரீசார்ஜ் செய்துவிட்டுப் போங்கள், அல்லது வீட்டில் ஒருவர் காலண்டரில் குறித்துவைத்து 28 நாளுக்கு ஒருமுறை போடட்டும்.

கூடலூர் அண்ணன் ரோமிங்கே வேண்டாம் என்கிறார். அவர் கதையே அதற்கு எதிராகத்தான் இருக்கிறது, மன்னிக்கவும். பேக் வேண்டாம் என்பது சரி, ரோமிங் வசதி வேண்டாம் என்பது தப்பு. இரண்டு கார்டு போடும் போன் இருந்தால் நம் ஊர் கார்டு முதல் இடத்தில், ரோமிங் இயக்கிய நிலையில், ஆனால் டேட்டா ரோமிங் அணைத்து. வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கிடையாது, ஓடிபி அதில் வந்துவிடும். வரும் அழைப்பை மட்டும் எடுக்காதீர்கள், அதற்குக் காசு உண்டு. இரண்டாவது இடத்தில் அந்த ஊர் கார்டு, டேட்டா அதில். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்கும், பழையதே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஒரே கார்டு போடும் போனாக இருந்தால் இசிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே ஏறும் சிம்) எடுக்குமா என்று பாருங்கள்.

அந்த ஊர் கார்டு வாங்கும்போது மொத்த ஜிபியைப் பார்த்து ஏமாறவேண்டாம். பல பேக்கில் ஒரு பங்கு நள்ளிரவுக்கு மேல் மட்டும் ஓடும் இரவு டேட்டா. பகலுக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். கடையில் ரீசார்ஜ் என்றால் புரியும், ஆனால் அங்கே சொல்வது ரீலோட். எந்தக் கம்பெனி என்பதை விமான நிலையத்தில் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் தங்கப்போகும் தோட்டத்தில் எது எடுக்கிறது என்று அங்கே இருப்பவரிடம் முதல் நாளே கேளுங்கள். டயலாக் எடுக்கும் லயத்தில் மொபிடெல் எடுக்காது, பக்கத்து டிவிஷனில் அப்படியே தலைகீழ். நம் சேரம்பாடியில் வீட்டுக்கு வீடு மாறுவதுபோலத்தான்.

இன்னொன்று, இங்கே ஏர்டெல் வைத்திருப்பவர்கள் அங்கேயும் ஏர்டெல்தானே, ரோமிங் ஆகாது என்று நினைக்கிறார்கள். அது எப்போதுமே வேறு கணக்கு. இலங்கை ஏர்டெல் 2024-ல் டயலாக்கோடு இணைந்தும்விட்டது. கடைகளில் நம் யூபிஐ 2024 பிப்ரவரி முதல் க்யூஆர் இருக்கும் இடங்களில் செல்கிறது, ஆனால் தோட்டத்துக் கடையில் எதிர்பார்க்காதீர்கள், கையில் காசு வையுங்கள். ஆம்புலன்ஸ் எண் அங்கே 1990. வயதானவர்களோடு போகிறவர்கள் அதைக் கட்டாயம் எழுதிவையுங்கள்.

கோத்தகிரி சகோதரிக்கு: தனுஷ்கோடி போகிறவர்கள் போனில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு நம் ஊர் கம்பெனியை நாமே தேர்ந்தெடுத்து வைத்தால் போதும். அந்தக் கரை டவரைப் பிடிக்காது.

குந்தா ஆறு:

பந்தலூர் அண்ணா, நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இரண்டு கார்டு, இசிம், நெட்வொர்க் தேர்வு என்பதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு. என் பாட்டி தலவாக்கலையில் இருக்கும் தன் தம்பியோடு மூன்று வருடம் பேசவில்லை. சண்டை இல்லை. அந்தத் தம்பித் தாத்தாவின் எண் பாட்டி போனில் 07 என்று தொடங்கிப் பதிந்திருந்தது. அங்கே கூப்பிட அது போதும். இங்கிருந்து அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு முன்னால் +94 போடவேண்டும். பாட்டி தினமும் போட்டுப் பார்த்து, "அவன் நம்பரை மாத்திட்டான், என்கிட்ட சொல்லல" என்று மனதுக்குள் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு நான் எதேச்சையாகப் பார்த்து மாற்றிப் பதிந்தேன். ஒரே மணியில் எடுத்தார் தாத்தா. இரண்டு பேரும் முதல் ஐந்து நிமிடம் பேசவே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம்தான்.

தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை வாங்கிப் பாருங்கள்.

தேயிலைக்காடு (கோத்தகிரி):

எல்லோருக்கும் நன்றி. கூடலூர் அண்ணா, நீங்கள் சொன்ன ஒரு நிமிட யோசனை அன்று அந்தச் சேற்றுத் தரையில் எனக்குத் தோன்றவே இல்லை. பேக் முடிந்துவிட்டது என்பதை நம்பவே நேரம் பிடித்தது.

குந்தா ஆறு எழுதியதைப் படித்ததும் அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தேன். பெரியம்மா எண் சரியாக இருந்தது. இன்னும் இரண்டு எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. யாருடையது என்று கேட்டேன். ஒருவர் கூடப் படித்தவராம், பொகவந்தலாவை. மாற்றிப் பதிந்துவிட்டேன், மாலை கூப்பிடப் போகிறார்.

அடுத்த முறைக்கு இரண்டு கார்டு போன் வாங்கிவிட்டேன். தண்ணீர் எப்போது வற்றுகிறது என்று அண்ணன் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் போனில் வீடியோ அழைப்பு ஓசையைப் பெரிதாக வைத்திருக்கிறேன். பழகட்டும் என்று தினமும் தோட்டத்திலிருந்து நானே கூப்பிடுகிறேன்.