மணல்லேர்ந்து இறக்குற ஃபைபர் படகுக்கு அவுட்போர்டா, லாங்டெயிலா?

கொண்டல்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊர் பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவுல. எங்க குப்பத்துக்குன்னு துறைமுகமோ முகத்துவாரமோ கிடையாது. மணல்லேர்ந்து நேரா அலைக்குள்ளதான் தள்ளணும். ஏழு வருஷம் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வெல்டிங் பார்த்துட்டு வந்திருக்கேன், திரும்பப் போற எண்ணம் இல்ல. தொழிலுக்கு அப்பா, சித்தப்பா, நான் மூணு பேர். நண்டு வலை, கவலை மீன் வலை, காத்து அடங்கின நாள்ல தூண்டில். எட்டு கடல் மைல் தாண்ட மாட்டோம்.

கையில நாலு லட்சம் இருக்கு. 28 அடி ஃபைபர் பழசு ஒண்ணு பேசி வெச்சிருக்கேன். மோட்டார்லதான் வீட்டுல சண்டை. நான் 9.9 குதிரைசக்தி அவுட்போர்டுங்கிறேன், அதான் பின்பலகைக்கு வெளிய மாட்டிக் கழட்டுற மோட்டார். அப்பா டீசல் லாங்டெயில் (எஞ்சின் படகு மேல, நீளத் தண்டு முனையில சுழல், அதாவது ப்ரொப்பெல்லர்) தவிர வேற பேச்சே எடுக்க மாட்டேங்கிறார். ஏப்ரல் 15க்குள்ள தண்ணியில இறக்கிடணும். மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகு 61 நாள் கரையில நிக்கிறப்பதான் நம்ம மாதிரி சின்னப் படகு மீனுக்கு விலை.

முட்டம்வள்ளம்:
மக்கா, இதுல யோசிக்க என்ன கெடக்கு? அவுட்போர்டு வாங்கு. இருபது வருசமா அதுதான் ஓட்டுதேன். கயித்த ரெண்டு இழு இழுத்தா எடுத்துக்கிடும், ரிவர்ஸ் உண்டு, சொன்ன பக்கம் திரும்பும். அந்த லாங்டெயில் இருக்கே, பின்னால ஒரு கழுக்கோல கட்டி இழுத்துட்டுப் போற மாதிரி. சத்தத்துல காது அடைச்சுப் போவும். கூடவே மண்ணெண்ணெயில ஓடுற மாடலா பாரு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்து. நிறுத்துறதுக்கு முந்தி மறுபடி பெட்ரோலுக்கு வந்துரு. இல்லன்னா அடுத்த நாள் கார்புரேட்டர்ல மண்ணெண்ணெய் நிக்கும், இழுத்து இழுத்து தோள்பட்டை போயிரும்.

ஸ்பேனர்:
நாகூர்ல 18 வருஷமா பட்டறை வெச்சிருக்கேன், ரெண்டு எஞ்சினையும் பிரிச்சு மாட்டுறவன். உங்கப்பா சொல்றது சரி.

லாங்டெயில்ல மாட்டுற லம்பார்டினி மாதிரி ஒத்தை சிலிண்டர் டீசல் காத்துலயே குளிர்றது. தண்ணி பம்ப்பே இல்ல. அவுட்போர்டு கடல் தண்ணிய உறிஞ்சித்தான் குளிரணும். நீங்க மணல்லேர்ந்து இறக்குறீங்க, இடுப்பளவு தண்ணியில எல்லாம் மணல் கலங்கித்தான் கிடக்கும். அதைக் குடிச்சா தண்ணி பம்ப்புக்குள்ள சுத்துற ரப்பர் இம்பெல்லர் றெக்கை மழுங்கிடும். பக்கத்துல பீச்சுற தண்ணி நின்னதை ராத்திரியில யாரும் கவனிக்கலன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும். என் பட்டறைக்கு வர்ற பத்து அவுட்போர்டுல பாதி இந்தக் கேஸ்தான்.

கணக்கும் போட்டுடுவோம். எட்டு மைல் போக, எட்டு மைல் வர, மொத்தம் 16. லாங்டெயில்ல ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்துல ரெண்டே முக்கால் மணி நேரம். மணிக்கு ரெண்டு லிட்டர்னாலும் அஞ்சரை லிட்டர் டீசல். 9.9 டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டை (பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓட்டுற வகை) முறுக்கிப் பிடிச்சா மணிக்கு அஞ்சு லிட்டர் குடிக்கும். எட்டு நாட்ல போனாலும் ரெண்டு மணி நேரம், பத்து லிட்டர் பெட்ரோல், அதுக்கு மேல டூ ஸ்ட்ரோக் ஆயில். ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாம வித்தியாசம். வருஷத்துக்கு 200 நாள் தொழிலுக்குப் போனா ஒரு லட்சம். லாங்டெயில் எஞ்சினே அந்தப் பணத்துல வந்துடும்.

முட்டம்வள்ளம்:
எல்லா நேரமும் முறுக்கிப் பிடிச்சிட்டா போவான்? முக்கால் ஆக்சிலேட்டர்ல போனா அஞ்சு லிட்டர் எங்க குடிக்கு? பெறவு, முக்கால் மணி நேரம் முந்தி கரைக்கு வந்தா ஏலத்துல என்ன விலைன்னு கணக்குல காணோமே. முதல்ல வந்த நண்டுக்கு ஒரு விலை, வெயில் ஏறி வந்த நண்டுக்கு ஒரு விலை. பட்டறைக்காரனுக்கு அது தெரியாது.

ஸ்பேனர்:
பட்டறைக்காரனுக்கு அப்பா இருந்தார், அவரும் கடலுக்குப் போனவர்தான். விடுங்க. உங்களுக்கு முட்டத்துல துறைமுகம், தேங்காப்பட்டணத்துல துறைமுகம். சுவத்துல கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. இந்தத் தம்பிக்கு மணல்தான்.

முட்டம்வள்ளம்:
தேங்காப்பட்டணம் முகத்துவாரத்துல எத்தன பேரு உயிர் போயிருக்குன்னு தெரிஞ்சிட்டு துறைமுகத்தப் பத்தி பேசும். ஆடி மாசக் கடல்ல அலை முறியிற இடத்த தாண்டணும்னா வேகம் வேணும். ரெண்டு அலைக்கு நடுவுல கிடைக்கிற நேரத்துல பாஞ்சு வெளிய போவணும். உம்ம லாங்டெயில் அங்க நின்னு தும்மிட்டு கெடக்கும்.

நெடுந்தீவு:
இடையில வாறதுக்கு மன்னிக்கவும். எங்கட இலங்கைப் பக்கம் 18, 19 அடி ஃபைபர் போட், பின்னால 15 குதிரைவலு எஞ்சின். ரெண்டு பேர், கொஞ்ச வலை. போட் முன்னுக்கு எழும்பித் தண்ணிக்கு மேல வழுக்கிக்கொண்டு போகும். அந்த வேகம் லாங்டெயிலில வராது, அதில முட்டம் அண்ணை சொல்லுறது சரி.

ஆனா மண்ணெண்ணெயை நம்பி எஞ்சின் வாங்கச் சொல்லாதேங்கோ. 2022 ஆகஸ்ட்டில எங்களுக்கு ஒரே நாளில லீட்டர் 87 ரூபாயில இருந்து 340 ரூபாய்க்குப் போனது. அதுக்கு முதல் மாசக்கணக்கா வரிசையில நிண்டும் கிடைக்கேல்ல. எஞ்சின் நல்ல எஞ்சின்தான், கரையில கிடந்து துருப்பிடிச்சது. அரசாங்கம் குடுக்கிற விலையைக் கணக்கில போட்டு வாங்கிற சாமானுக்கு அரசாங்கம்தான் முதலாளி.

முட்டம்வள்ளம்:
அது உங்க நாட்டு நெருக்கடி அண்ணாச்சி. இங்க மானிய மண்ணெண்ணெய் உண்டு.

ஸ்பேனர்:
மானியம் உண்டு, அளவும் உண்டு. மாசக் கடைசியில வெளியில வாங்குறவங்களையும் பார்க்கிறோம். டீசலுக்கும்தான் விற்பனை வரி விலக்கு இருக்கு, அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

ரெசின்கை:
நான் படகு கட்டுறவன், எஞ்சின் விக்கிறவன் இல்ல. நெடுந்தீவு அண்ணன் படகும் இந்தத் தம்பி படகும் வேற வேற பிராணி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

18 அடி லேசான படகு, தட்டையான அடி, ரெண்டு ஆள். 15 குதிரை தள்ளினா தண்ணி மேல ஏறிடும். 28 அடி, மூணு ஆள், வலை, ஐஸ் பெட்டின்னு ஏத்தினா 9.9 அதை மேல தூக்கவே தூக்காது. தண்ணியக் கிழிச்சுக்கிட்டுத்தான் போகும். அப்படிப் போற படகுக்கு நீளம்தான் வேகத்துக்கு எல்லை. தண்ணிக்கோட்டு நீளம், அதாவது படகு தண்ணியத் தொடுற நீளம், 24 அடின்னு வெச்சுக்கங்க. அதோட வர்க்கமூலம் 4.9. அதை 1.34ஆல பெருக்கினா ஆறரை நாட். அதுக்கு மேல முறுக்க முறுக்க அமரம் (பின்பக்கம்) உள்ள உக்காரும், அணியம் (முன்பக்கம்) வானத்தைப் பார்க்கும், எரிபொருள் மட்டும் போகும். ஆகவே ஸ்பேனர் போட்ட எட்டு நாட் கணக்கு வெறும் படகுக்குத்தான். முட்டம் அண்ணாச்சி சொன்ன முக்கால் மணி நேரமும் அதே கணக்குல பிறந்ததுதான். வலையோட வர்றப்ப ரெண்டு எஞ்சினும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்குத்தான் கரைக்கு வரும்.

எஞ்சினை விடுங்க. அந்தப் பழைய படகு எந்த வருஷத்துது?

கொண்டல்காத்து:
2005னு சொன்னாங்க. சுனாமி நிவாரணத்துல வந்ததாம். வெளிய பெயின்ட் புதுசா இருக்கு.

ரெசின்கை:
பெயின்ட் புதுசுன்னாதான் பயமே. சுனாமிக்கு அப்புறம் அவசரத்துல ஏகப்பட்ட படகு செஞ்சாங்க. நல்லதும் இருந்துச்சு, ரெண்டு லேயர் கண்ணாடி இழை விரிப்போட முடிச்சுக் கொடுத்ததும் இருந்துச்சு. ஒரு ரூபாய் காசை எடுத்துக்கிட்டுப் போங்க. எஞ்சின் மாட்டுற பின்பலகை முழுக்கத் தட்டுங்க. டங்குன்னு கேட்டா சரி. தொப்புன்னு கேட்டா உள்ள இருக்கிற ப்ளைவுட் தண்ணி குடிச்சு உளுத்துப் போச்சு. எஞ்சின் போல்ட் ஓட்டையைச் சுத்தி கண்டிப்பா பாருங்க, தண்ணி அங்கேர்ந்துதான் இறங்கும். அடியில கொப்புளம் இருக்கான்னு கையால தடவுங்க.

மிதவை அறையையும் திறந்து பாருங்க. உள்ள தெர்மாகோல் திணிச்சிருந்தா, ஒழுகின பெட்ரோல் பட்ட இடமெல்லாம் கரைஞ்சு கூழாயிருக்கும். படகு கவிழ்ந்தா மிதக்க வேண்டிய சாமான் அது. பாலியூரித்தேன் நுரைன்னா அப்படிக் கரையாது.

பழையமரம்:
வயசானவன் ஒரு வார்த்தை சொல்லலாமா. நான் கட்டுமரத்துல தொடங்கினவன். மரத்துக்கு அலையப் பத்திக் கவலை கிடையாது, தண்ணி உள்ள வந்தா இடுக்கு வழியாப் போயிடும். மோட்டார் வந்தப்புறம்தான் இந்தத் தொல்லை எல்லாம்.

1979ல மெட்ராஸ்ல ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போட வங்காள விரிகுடாத் திட்டம்னு ஒண்ணு தொடங்குனாங்க. மணல்ல இறக்கி ஏத்துற படகுக்குன்னே தனியா ஆராய்ச்சி பண்ணாங்க. அவங்க செஞ்ச படகுல சின்ன டீசல் எஞ்சின், அதோட சுழல் தண்டை அப்படியே மேல தூக்கிக்கலாம். ஆந்திராப் பக்கம் அது நிறைய ஓடுச்சு. அலையைத் தாண்ட வேகம் வேணும்னு முட்டத்துக்காரர் சொல்றார். வெளிய போறப்ப வேணும்தான். உள்ள வர்றப்ப வேற விஷயம். அலை முதுகுல உக்காந்து வர்றப்ப அடி மணல் தட்டும். அந்த நொடியில சுழலைத் தூக்கணும், இல்லன்னா படகு பக்கவாட்டுல திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். லாங்டெயில்ல கையை அழுத்தினா போதும், சுழல் மேல வந்துடும், எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும்.

முட்டம்வள்ளம்:
பெரியவர் சொன்னதுக்காவ ஒத்துக்கிடுதேன், கரை ஏத்துறதுக்கு அது சவுரியம்தான். ஆனா தூக்கின சுழல் மூடி இல்லாம வெட்டவெளியில சுத்திட்டு நிக்கும். படகப் புடிக்க தண்ணியில நிக்கிறவன் கால நினைச்சுப் பாருங்க. வலையையும் அறுக்கும். பின்காத்துல அலை தூக்குறப்ப சுழல் தண்ணிய விட்டு வெளிய வந்து எஞ்சின் அலறும்.

ஸ்பேனர்:
கால் விஷயம் உண்மை. நானே ஒரு ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கேன். சுழலைத் தூக்கினதும் ஆக்சிலேட்டரை இறக்கணும், அணியத்துப் பக்கம்தான் ஆள் பிடிக்கணும். இதைச் சொல்லிக் கொடுக்காம புதுப் பையன் கையில தரக்கூடாது.

கொண்டல்காத்து:
ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எப்படி? யாருமே அதைப் பேசல. சத்தம் கம்மி, எரிபொருள் கம்மின்னு சொல்றாங்களே.

ஸ்பேனர்:
ரெண்டும் உண்மை. ஆயில் கலக்க வேண்டாம். ஆனா கனம் கூட, விலை கூட. மணல்ல விட்டுட்டு வந்தா திருட்டுப் போயிடும்னு அவுட்போர்டைத் தினமும் கழட்டி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவீங்க. டூ ஸ்ட்ரோக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தர் நடக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கண்ட பக்கம் படுக்கப் போட்டா ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்கிடும். எந்தப் பக்கம் படுக்கணும்னு எஞ்சின்லயே குறி போட்டிருக்கும், இருட்டுல யார் பார்க்கிறா? லாங்டெயில் படகுலயே கிடக்கும், ரெண்டு பேர் இல்லாம எவனும் தூக்க முடியாது.

(நாலு நாள் கழிச்சு)

கொண்டல்காத்து:
ஞாயித்துக்கிழமை காசோட போனேன். பின்பலகையில பாதிக்கு மேல தொப்பு தொப்புன்னுதான் கேக்குது. மிதவை அறை மூடியைத் திறந்தா பாதி காலி. மீதி வெள்ளைக் கூழ், பெட்ரோல் வாசனை. அப்பா ஒண்ணும் பேசல, என்னைப் பார்த்துட்டு நடையைக் கட்டிட்டார். முன்பணம் கொடுக்கல, தப்பிச்சேன்.

புதுசா 26 அடி கட்டச் சொல்லலாம்னு இருக்கோம். பாலியூரித்தேன் மிதவை, பின்பலகைக்கு முழு ஃபைபர் மூடாக்கு. அதுக்குக் கொடுத்தது போக மிச்சத்துல லாங்டெயில்தான் வாங்க முடியும். படகுப் பதிவு பத்தி விசாரிக்கப் போனப்ப மீன்வளத்துறையில பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தையும் கேட்டேன். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம் மானியம், எஸ்சி, எஸ்டி, பெண்களுக்கு 60னு சொன்னாங்க. வரிசை நீளம், இந்த ஏப்ரலுக்குள்ள ஆகாது.

ஸ்பேனர்:
அப்போ முடிஞ்சுது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

முட்டம்வள்ளம்:
என்ன முடிஞ்சுது? காசு இல்லாததால ஜெயிச்சீரு. எஞ்சின் எங்க ஜெயிச்சுது?

கொண்டல்காத்து:
சண்டை போடாதீங்க அண்ணே. ரெண்டு வருஷம் கழிச்சு அவுட்போர்டும் ஒண்ணு வாங்கி மாட்டணும்னு ஆசை இருக்கு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு கரை சேர்க்கும்ல. அதுக்கு இப்பவே பின்பலகை உயரம் சொல்லிடணும்னு பட்டறையில கேக்கிறாங்க. எவ்வளவு வைக்கச் சொல்ல?

ரெசின்கை:
அவுட்போர்டுக் கால் குட்டையா இருக்கிற ஷார்ட் ஷாஃப்ட்னா 15 அங்குலம், நீளமா இருக்கிற லாங் ஷாஃப்ட்னா 20. சுழலுக்கு மேல இருக்கிற தட்டு படகு அடிமட்டத்துக்கு நேரா, இல்லன்னா ஒரு அங்குலம் கீழ வரணும். அதுக்கு மேல போனா சுழல் காத்தைக் குடிக்கும், ரொம்பக் கீழ போனா இழுவை. எந்த ஷாஃப்ட்னு முடிவு பண்ணிட்டு உயரத்தைச் சொல்லுங்க.

முட்டம்வள்ளம்:
20 வை மக்கா. பின் அலை ஏறி உள்ள விழாது.

ஸ்பேனர்:
மணல்ல இறக்குற படகுக்கு லாங் ஷாஃப்டா? 15 போதும்.