மகளை ஆட்டத்தில் இறக்கவில்லை, பி.டி. சாரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு அம்மா

மகள் பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறாள். குறுவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போன பி.டி. சார் கடைசிவரை வெளியிலேயே உட்காரவைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. இவள் அப்பா ஹெட்மாஸ்டரைப் பார்க்கிறேன் என்று குதிக்கிறார். பெற்றோர் வாட்ஸப் குழுவில் கேட்கலாமா? விடிவதற்குள் எழுந்து கொண்டுபோய் விடுகிறோம், ஒரு வார்த்தை கேட்க உரிமை இல்லையா?

பதில்: கபடி பையன் அப்பா

குழுவில் மட்டும் வேண்டாம். எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார், நாற்பது பேர் பஞ்சாயத்துப் பேசினார்கள். அதிலிருந்து சார் பயிற்சி நேரத்தைத் தவிர எதுவும் போடுவதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்

உரிமை இருக்கிறது அம்மா. ஆனால் ஆட்டத்தன்று வேண்டாம். அன்றைக்கு அவர் பஸ்ஸில் தலை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒன்பதாம் வகுப்பு என்றால் 14 வயதுப் பிரிவு முடிந்து 17 பிரிவுக்கு வந்திருப்பாள். பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு இடத்துக்குப் போட்டி. ஒரு செட்டுக்கு 6 முறைதான் ஆள் மாற்றலாம், இழுபறியான ஆட்டத்தில் யாரும் புதுப் பிள்ளையை இறக்கத் துணிய மாட்டார்கள். ‘ஏன் இறக்கவில்லை’ என்று கேட்டால் இன்னொருத்தி பிள்ளையோடு ஒப்பிட்டுத்தான் அவர் பதில் சொல்லவேண்டி வரும். ‘எதைச் சரிசெய்யணும்’ என்று கேளுங்கள், சர்வீஸா, பந்து எடுப்பதா என்று சொல்லிவிடுவார்.

கேட்பதைவிட நீங்கள் சொல்லவேண்டியதுதான் அதிகம். முழங்கால் வலி என்று வீட்டில் அழும் பிள்ளை மைதானத்தில் வாய் திறக்காது, இடம் போய்விடும் என்ற பயம். மாதவிலக்கு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், ஆண் மாஸ்டரிடம் சொல்வார்களா? ‘இன்றைக்கு ஓட்டம் வேண்டாம் சார்’ என்று அம்மா ஒரு மெசேஜ் போட்டால் போதும், எங்களுக்குப் புரியும். சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்த பிறகு வருகிற சண்டைதான் எங்கள் வேலையிலேயே பெரிய தலைவலி.

ஒன்பதாம் வகுப்பு அம்மா

முழங்கால் வலி இவளுக்கும் உண்டு சார், சாரிடம் சொல்லாதே என்கிறாள். இன்னொன்று, ஆள் குள்ளம். அதனால்தானோ?

ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்

வலியை முதலில் சொல்லுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். குள்ளம் என்றால் லிபரோ இடத்தைக் கேட்டுப் பார்க்கலாம். லிபரோ வலையருகே எழும்பிப் பந்தைத் தடுக்கும் பிளாக் போடக் கூடாது, பின்வரிசையில் பந்து எடுப்பதுதான் வேலை, உயரம் பெரிதில்லை. இதை அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அவள் அப்பாவை அன்றைக்கு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.