பயணக் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் திரும்பக் கேட்கும் கடிதத்தை எப்படி எழுதுவது?

கேள்வி (மதுரை வாசகி)

வணக்கம். பாரிஸ் செல்வதற்கு விமானச் சீட்டும் விடுதியும் பதிவு செய்து, பயண ரத்துக்கும் ஈடு தரும் பாலிசி ஒன்றை எனக்கும் கணவருக்கும் எடுத்திருந்தோம். புறப்படும் நேரத்தில் என் மாமனார் டெங்குக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால் பயணத்தைக் கைவிட நேர்ந்தது. சீட்டுக்குச் செலுத்திய ரூ.1,12,000-இல் வரிகளாக ரூ.21,500 மட்டும் திரும்ப வந்தது. விடுதிக் கட்டணம் ரூ.38,400 முழுவதும் போய்விட்டது. படிவத்தில் காரணம் எழுத இரண்டு வரி இடம்தான் இருக்கிறது என்பதால் தனிக் கடிதம் இணைக்க எண்ணுகிறோம். மாமனாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. அதைச் சொன்னால், முன்பே இருந்த நோய் என்று தள்ளிவிடுவார்களோ? பிரீமியத்தையும் சேர்த்துத் திரும்பக் கேட்கலாமா?

பதில் 1

பிரீமியத்தைக் கேட்காதீர்கள். விசா மறுக்கப்பட்டு, பயணத் தேதிக்கு முன்பே பாலிசியை ரத்து செய்பவர்களுக்குத்தான் சிறு பிடித்தத்துடன் அதைத் திருப்பித் தருவது வழக்கம். பாலிசியை ரத்து செய்யுங்கள் என்றும், அதே பாலிசியின்படி ஈடு தாருங்கள் என்றும் ஒரே கடிதத்தில் எழுதினால் நம் கோரிக்கையை நாமே வெட்டிக்கொண்டதாகும்.

அடுத்து, ‘நெருங்கிய குடும்பத்தினர்’ யார் என்று உங்கள் பாலிசி சொல்லும் விளக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் மாமனார், மாமியார் இருப்பார்கள்; சிலவற்றில் இருக்க மாட்டார்கள். எப்படியிருந்தாலும் உங்கள் கணவருக்கு அவர் தந்தை என்பதால், கடிதத்தில் முதலில் கையெழுத்திட வேண்டியவர் கணவரே.

இரத்த அழுத்தத்தை மறைக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எப்படியும் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் சொல்லாமல் அவர்களாகக் கண்டுபிடித்தால் மற்றவற்றையும் சந்தேகிப்பார்கள். அனுமதிக்கக் காரணம் டெங்குதான், இரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சிகிச்சை அளித்த மருத்துவரிடமே சான்று வாங்கி இணையுங்கள்.

பதில் 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். நடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘தங்கள் மேலான கருணையை வேண்டி’ என்று தொடங்கும் மனு நடை நமக்குக் கைவந்த பழக்கம். ஆனால் கோப்பைப் பார்க்கும் அலுவலர் தேடுவது தேதி, பிரிவு எண், தொகை ஆகியவற்றைத்தான். நான் எழுதினால் மையப் பத்தி இப்படி இருக்கும் (ஆங்கிலத்தில் அனுப்பினாலும் வரிசை இதுவே):

“மேற்கண்ட பாலிசியின் பயண ரத்துப் பிரிவின்கீழ் (பிரிவு எண் ___) இக்கோரிக்கையைச் சமர்ப்பிக்கிறோம். பயணப் பதிவுகளும் பாலிசியும் நோய் தோன்றுவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. என் தந்தை ___ அன்று டெங்குக் காய்ச்சலுக்காக உள்நோயாளியாக அனுமதிக்கப்பட்டதால் ___ அன்று பயணத்தை ரத்து செய்தோம். விமானக் கட்டணத்தில் திரும்பாத தொகை ரூ.90,500, விடுதிக் கட்டணம் ரூ.38,400, மொத்த இழப்பு ரூ.1,28,900. பாலிசியின்படி கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியை வழங்கக் கோருகிறோம். ஏற்க இயலாதெனில் எந்தப் பிரிவின்படி என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் மேல்முறையீடு செய்ய நேர்ந்தால் கையில் இருக்க வேண்டியது அந்தப் பதில்தான். எவ்வளவு திரும்ப வந்தது, எவ்வளவு வரவில்லை என்று விமான நிறுவனமும் விடுதியும் தரும் கடிதங்கள் மிக முக்கியம். பதிவுச் சீட்டு மட்டும் இழப்பை நிரூபிக்காது. தந்தை–மகன் உறவுக்குச் சான்றையும், வங்கிக் கணக்குக்கு ரத்து செய்த காசோலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மருத்துவமனை அலைச்சலில் நிறுவனத்துக்கு உடனே தகவல் தெரிவிக்க முடியவில்லை. அதைக் காரணம் காட்டி மறுத்தால் என்ன செய்வது?

பதில் 3

தாமதத்துக்கு நியாயமான காரணம் இருக்கும்போது, தாமதம் ஒன்றையே காட்டி உண்மையான கோரிக்கையை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்றே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எனவே அனுமதித்த நாளையும் வீடு திரும்பிய நாளையும் குறிப்பிட்டு, தாமதத்தின் காரணத்தை நீங்களே கடிதத்தில் ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) முறையிடலாம். அங்கே கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.