தெரியாத ஃபாதரைத் தேடி நின்ற வரிசையில்

கோவிலில் யாரும் தன்னை உள்ளபடி பார்த்துவிடக் கூடாது என்று பயந்ததைப் பற்றி இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், கத்தோலிக்கக் கோவிலில், தமிழ்ப் பூசைக்குப் பதினோரு வருடமாக பைபிள் வாசகம் வாசிக்கிறேன். ஜெபக் கூட்டம், துக்க வீடு, எங்கே கூப்பிட்டாலும் போய் நிற்பேன். அதே காலத்தில் நாலு நம்பர் லாட்டரி எடுத்து எடுத்து, ஆலோங்கிடம், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம், 18,000 வெள்ளி (ரிங்கிட்) கடன் ஏறியிருந்தது. மனைவிக்கே பாதிதான் தெரியும்.

கடவுளுக்குத் தெரியும் என்பது எனக்குப் பயமாக இருந்ததில்லை. அது சின்ன வயதிலிருந்தே பழகிப்போனது. மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஆன்ட்டிக்குத் தெரிந்துவிட்டால்? அந்த நினைப்பில்தான் தூக்கம் போனது. ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தைக்கூட ஒளிந்துகொள்ளும் இடமாக்கிவிட்டேன். எங்கள் ஃபாதருக்கு என் குரல் தெரியுமே! அங்கே கேட்டதை ஃபாதர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அது தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோவிலாகப் போனேன்.

அந்த வருடம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனேன். திருநாள் ஜூலை 26. அதற்கு முன்பே ஒன்பது நாள் ஜெபமான நவநாள் தொடங்கிவிடும், சிங்கப்பூரிலிருந்துகூட பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் என்னை யாருக்குத் தெரியும்? பாவசங்கீர்த்தனத்துக்குத் தமிழ் வரிசையை விட்டுவிட்டு மலாய் வரிசையில் போய் நின்றேன்.

அரை மணி நேரம் இருக்கும். பின்னால் ஓர் இருமல். திரும்பினால், அதே ஆன்ட்டி.

இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"நீயும் தெரியாத ஃபாதரைத் தேடித்தானே தம்பி இவ்வளவு தூரம் வந்தே? நானும் அதுக்குத்தான் வந்தேன்."

எழுபது வயதுக்கு மேல் அவருக்கு. ஜெபமாலையைத் தமிழைத் தவிர வேறு மொழியில் சொல்லத் தெரியாதவர், சந்தையில் மீன் வாங்கும் மலாயை வைத்துக்கொண்டு பாவம் சொல்ல வந்து நிற்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

முடித்துவிட்டு மலைப்பக்கப் படியில் உட்கார்ந்தோம். அவர் தன்னுடையதைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது. அப்புறம் நான் சொன்னேன். ஆலோங், தொகை, மனைவியிடம் சொன்ன பொய் எல்லாம். அவர் புத்தி சொல்லவில்லை. கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார்.

யோவான் நான்காம் அதிகாரத்துச் சமாரியப் பெண்ணைப் பற்றித் தவக்காலப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உச்சிவெயிலில் தண்ணீருக்கு வருகிறாள். ஊர்க்காரர் கண்ணில் படாமலிருக்கத்தான் அந்த நேரம் என்று பலர் விளக்குவார்கள். அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டே இயேசு அவளோடு பேசினார் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அன்றைக்குத்தான் மற்றது உறைத்தது. குடத்தைப் போட்டுவிட்டு அவள் ஓடுவது அதே ஊர்க்காரர்களிடம். நான் செய்ததையெல்லாம் எனக்குச் சொன்னவரை வந்து பாருங்கள் என்று அவள் வாயாலேயே சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மீதிப் பாதியையும் சொன்னேன். அந்த இரவு லேசாகக் கழியவில்லை. கடன் இன்னும் முழுதாக அடையவில்லை.

அடுத்த ஞாயிறு வாசக மேடையில் ஏறினேன். என்னைப் பற்றித் தெரிந்த ஓர் ஆள் முன்னால் வாசிப்பது அதுதான் முதல் தடவை. முதல் வரியிலேயே குரல் நடுங்கியது. மூன்றாவது பெஞ்சை நிமிர்ந்து பார்த்தேன், ஆன்ட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றேன். எல்லோரும் "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். அவர் குரல் எப்போதும்போல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.