கண் வெட்டியும் குளத்து டைகர் இறாலுக்குச் சினை ஏறவில்லை, ஏன்?

கேள்வி:
மரக்காணம் பக்கம் ஒரு ஹேச்சரியில் (இறால் குஞ்சு பொரிப்பகம்) தாய் இறால் பிரிவு என் பொறுப்பு. கடலில் பிடித்த டைகர் எட்டு, குளத்தில் வளர்த்தது எட்டு, பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் விட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் ஒரு கண் காம்பைச் சூடான கிடுக்கியால் நசுக்கினேன். ஆறாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால், கடல் இறாலின் முதுகில் சினைப்பையின் கரும்பச்சைக் கோடு தடித்து, முதல் வயிற்று வளையத்தில் வைரம் போல விரிந்திருக்கிறது. குளத்து இறாலில் நூல் மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். இன்று பன்னிரண்டாம் நாள். சினையைத் தடுக்கும் ஹார்மோன் கண் காம்பில்தானே சுரக்கிறது? வெட்டிய பிறகும் எது தடுக்கிறது? வீணாக ஒரு கண்ணைப் பறித்துவிட்டேனோ என்று மனசு உறுத்துகிறது.

பதில் 1:
தம்பி, மடையைத் திறந்துவிட்டாய். ஏரியில் தண்ணீர் வேண்டாமா? முட்டைக்குள் சேரும் வைட்டலோஜெனின் புரதத்தை இறாலின் ஈரலும் சினைப்பையும் சேர்ந்தே தயாரிக்கின்றன. அதோடு கொழுப்பும் சேர வேண்டும், குறிப்பாக அராக்கிடோனிக் அமிலம். கடல் இறால் புழுவும் சிப்பியும் தின்று அதைச் சேர்த்து வைத்திருக்கும். குளத்து இறால் பெல்லட் என்கிற உருண்டைத் தீவனம் தின்று வளர்ந்தது. இன்னொன்று, தோலுரிப்பதைத் தடுக்கும் ஹார்மோனும் அதே காம்பில்தான் இருக்கிறது. உன் இறால்கள் தோலுரித்தனவா?

பதில் 2:
நான் மீன்வளம் படிக்கிறேன். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீங்கள் வெட்டியது ஒரு கண்தான், இன்னொன்று சுரந்துகொண்டுதான் இருக்கும். தாய்லாந்தின் மஹிதோல் பல்கலைக்கழகத்தில் டைகரை வைத்து ஆராய்ந்தவர்கள், சினையைத் தடுக்கும் அந்த ஹார்மோனின் மரபணு வயிற்று நரம்பு வடத்திலும் வேலை செய்வதைக் கண்டார்கள். இரட்டை இழை ஆர்என்ஏ கொண்டு அதை அடக்கியபோது சினைப்பையில் வைட்டலோஜெனின் மரபணுவின் வேலை கூடியது. 2008இல் வெளியான ஆய்வு. கண்ணைத் தொடாமலே சினை ஏற்றும் வழி அது என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை.

கேள்வி கேட்டவர்:
ஆமாம் அண்ணா, ஐந்து தோலுரித்துவிட்டன. அடியில் கிடந்த ஓடு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், ஆண் இறால் இணைசேரும்போது வைத்த விந்துப்பையும் அதோடு வந்துவிட்டது. இனி முட்டை விட்டாலும் பொரிக்காது. மீதி மூன்றுக்கும் இன்றிலிருந்து கணவாயும், நோய்க்கிருமி இல்லை என்று பிசிஆர் சோதனையில் பார்த்த பாலிகீட் என்னும் கடல் புழுவும் போடுகிறேன். அடுத்த முறை முதலில் ஒரு மாதம் தீனி, அப்புறம்தான் கிடுக்கி.