அப்பாவின் ‘அபாச்சி’ ரெக்கார்டும் வாங்கிய ரீமாஸ்டரும் ஒத்துப்போகவில்லை, உதவி தேவை

குத்தாலம்_மகன்:
வணக்கம். குத்தாலம் பக்கத்துக் கிராமம். அப்பா அந்தக் காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாண வீட்டில் பந்தி ஓடும்போது சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு, பாட்டே இல்லாத இங்கிலீஷ் கிட்டார் ரெக்கார்டுகளைப் போடுவாராம். சாப்பிடுகிற நேரத்தில் வார்த்தை எதற்கு என்பது அவர் கட்சி. வருகிற தை மாதம் திருக்கடையூரில் அவருக்குச் சதாபிஷேகம். அன்று மண்டபத்தில் பந்தி நேரத்துக்கு அதே இசையைப் போட ஒரு பென் டிரைவில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரெக்கார்டுகளில் உருப்படியாக மிஞ்சியது ஒன்றுதான்: ஷேடோஸ் என்ற இங்கிலீஷ் கிட்டார் குழுவின் ‘அபாச்சி’, நிமிஷத்துக்கு 45 சுற்று ஓடும் ரெக்கார்டு, கொலம்பியா பச்சை லேபிள். மற்றவை கூரை ஒழுகிய ஓர் ஐப்பசியில் போய்விட்டன. அதே இசையைக் காசு கொடுத்து இரண்டு இடத்தில் வாங்கினேன். இரண்டிலும் ரீமாஸ்டர் என்றுதான் போட்டிருக்கிறது. முதலாவதில் கிட்டார் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் டிரம் பெரிய காலி மண்டபத்தில் அடித்த மாதிரி முழங்குகிறது. இரண்டாவதில் இரைச்சலே இல்லை, ஆனால் ஜால்ரா சத்தம் தண்ணீருக்கு அடியில் இருந்து வருகிறது. இதெல்லாம் போகட்டும். இரண்டுமே அப்பாவின் ரெக்கார்டை விடச் சுருதி இறங்கி இருக்கின்றன! மகளின் கீபோர்டில் வைத்துப் பார்த்தேன். ரெக்கார்டு எந்தக் கட்டையிலும் சரியாக உட்காரவில்லை, இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிறது. மூன்றில் எதைத்தான் நம்புவது?

மழைத்தவளை:
ரெக்கார்டை ஸ்பிரிட் விட்டு நன்றாகத் துடைத்துப் பாருங்கள். எனக்கு வேலை செய்தது.

ஊசிமுனை_திருவாரூர்:
தவளை, 45க்குச் சரி. ஆனால் இதைப் படிக்கிற யாராவது 78 சுற்று ஓடும் பழைய அரக்கு ரெக்கார்டில் ஸ்பிரிட்டை ஊற்றிவிடப் போகிறார்கள். அரக்கு அதில் கரையும். எதற்கானாலும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். லேபிள் நனையக்கூடாது. அதுவும் சுருதிக்கு மருந்தில்லை.

தம்பி குத்தாலம், உங்கள் முதல் ஃபைல் அநேகமாக ரீமாஸ்டரே இல்லை, மறுபடி வாசித்தது. ஷேடோஸ் 1989இல் தங்கள் பழைய ஹிட்களைத் திரும்ப வாசித்து ஓர் ஆல்பமே போட்டார்கள். அந்தக் காலத்து டிஜிட்டல் எதிரொலி டிரம்மில் அப்படியே கேட்கும். 1960 அசலில் டிரம் டோனி மீஹன். அவர் 1961லேயே விலகிவிட்டார், பிறகு வந்தவர் பிரையன் பென்னட். அசலைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது தொடக்கத்தைத்தான். கிட்டார் வருவதற்கு முன் தனியாக ஒரு முரசு கேட்கும், தோலில் கை வைத்துத் தட்டினாற்போல வறண்ட சத்தம். அது பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் அடித்த சீன டிரம். முடிவிலும் அதே. அந்த வறட்சி இல்லாமல் தொடக்கமே ‘கும்ம்’ என்று நீண்டால் ஒதுக்கிவிடுங்கள்.

பழைய மாஸ்டர் டேப்பை எடுத்துச் சுத்தம் செய்து, சத்த அளவைச் சரிக்கட்டி வெளியிடுவதுதான் ரீமாஸ்டர். அட்டையில் அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஃபைலின் விவரத்தில், வட்டத்துக்குள் ‘பி’ எழுத்து போட்டு ஓர் ஆண்டு இருக்கும். அதுதான் ஒலிப்பதிவு உரிமையின் ஆண்டு. 1960 என்றால் நம்பிக்கை வைக்கலாம், 1989 என்றால் வேறு சரக்கு.

தஞ்சை_வால்வு:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக்காலம் தீர்ந்துவிட்டது. நம் சட்டத்தில் அறுபது ஆண்டு, ஆக 1960இல் வந்தது 2020 முடிவோடு சரி. அதனால் பேர் தெரியாத லேபிள்கள் எங்கோ கிடைத்த ரெக்கார்டை ஓட்டிப் பதிந்து, கீறல் சத்தத்தை மென்பொருளால் வழித்து எடுத்து விற்கின்றன. வழிக்கும்போது இரைச்சலோடு ஜால்ராவும் போகும். நெல்லைத் தூற்றுகிறேன் என்று பதரோடு நெல்லையும் காற்றில் விட்ட கதை. கொஞ்சம் இரைச்சல் உள்ள பிரதியைத்தான் நான் வாங்குவேன்.

திரட்டும்போது இன்னும் இரண்டு பொறி. வெஞ்சர்ஸ் குழுவின் ‘வாக், டோன்ட் ரன்’ 1960இல் ஒன்று, 1964இல் அவர்களே வேறு மாதிரி வாசித்தது ஒன்று. இரண்டுமே ஹிட், இரண்டும் கலந்துதான் கிடைக்கும். டோர்னடோஸ் குழுவின் ‘டெல்ஸ்டார்’ (1962) மோனோ, அதாவது ஒரே சானல். அதை ஸ்டீரியோ என்று விற்றால் வலிந்து பிரித்ததாக இருக்கும், அல்லது மறுபடி வாசித்தது. ஜோ மீக் லண்டனில் ஒரு தோல் பொருள் கடைக்கு மேல்மாடி வீட்டில் அதைத் தயாரித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

சுருதி விஷயம்: இரண்டு ஃபைலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதென்றால் சந்தேகம் உங்கள் பிளேயர் மேல்தான். ஸ்ட்ரோப் தாள், அதாவது சுற்றிலும் கோடு போட்ட வட்டத் தாள், தட்டின் மேல் வைத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வேகம் சரியென்றால் கோடுகள் நின்றாற்போலத் தெரியும். 50 சைக்கிள் கரண்டில் 33⅓க்கு 180 கோடு, 45க்கு 133 கோடு.

குத்தாலம்_மகன்:
நன்றி அண்ணே. முதல் ஃபைலில் ஆண்டு 1989தான். அழித்துவிட்டேன். ஸ்ட்ரோப் தாளைப் பிரிண்ட் எடுத்து வைத்துப் பார்த்தேன். கோடுகள் நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை, வெறும் சாம்பல் வட்டமாகத் தெரிகிறது.

தஞ்சை_வால்வு:
எல்.இ.டி. பல்பில் பார்த்திருப்பீர்கள். பல எல்.இ.டி. கரண்டோடு சேர்ந்து துடிக்காது. பழைய குண்டு பல்பைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் தட்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினாலே போதும்.

குத்தாலம்_மகன்:
மூன்று தடவை எண்ணினேன். நாற்பத்தாறரை!

ஊசிமுனை_திருவாரூர்:
மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வேகம். ஆறு சதவீதம் ஒரு அரைச் சுரம், அதில் பாதி ஏறி இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிறது. கணக்குப் பொருந்துகிறது. ரெக்கார்டு உட்காரும் தட்டைத் தூக்குங்கள். மோட்டார் தண்டில் படிப்படியாகத் தடிமன் மாறும், 45க்கான படியில் ஏதாவது சுற்றியிருக்கிறதா பாருங்கள். தண்டு தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும்.

குத்தாலம்_மகன்:
அண்ணே, இருக்கிறது. மஞ்சளாகிப் போன செல்லோடேப், இரண்டு சுற்று. ஓரத்தில் தூசி பிசினாகப் பிடித்துக் கறுத்திருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நான் சுத்துனதுதான்டா” என்றார். அப்போது ஊரில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தால் வோல்டேஜ் இறங்கிவிடுமாம், மோட்டார் இழுக்காமல் பாட்டு அழுமாம். கல்யாண வீட்டில் அழுகிற பாட்டு ஆகாது என்று டேப் சுற்றி வேகத்தைக் கூட்டியிருக்கிறார். பிறகு நல்ல கரண்ட் வந்தது, டேப் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தஞ்சை_வால்வு:
அடடா. டேப்பை எடுத்துவிட்டுப் பிசினை ஸ்பிரிட்டால் துடையுங்கள் (தவளைக்கும் ஒரு வேலை கிடைத்தது). தண்டிலிருந்து தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரத்தில் ஸ்பிரிட் நிறையப் பட வேண்டாம். உங்கள் ரெக்கார்டையே பதிவதென்றால் இரண்டு சானலையும் மோனோவாகச் சேர்த்துப் பதியுங்கள், கரகரப்பு நன்றாகக் குறையும்.

குத்தாலம்_மகன்:
எடுத்துவிட்டேன், இப்போது நாற்பத்தைந்து. கீபோர்டிலும் சரியாக உட்காருகிறது. ஆனால் அப்பா கேட்டுவிட்டு, ‘என்னமோ தூங்குது’ என்கிறார். இத்தனை வருஷம் வேகமாகவே கேட்ட காது. பேசாமல் டேப்போடு ஓட்டியும் ஒரு பிரதி பதிந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். சதாபிஷேகம் அவருக்குத்தானே.

ஊசிமுனை_திருவாரூர்:
தாராளமாக. டேப்பை மறுபடி சுற்றக்கூட வேண்டாம், மென்பொருளில் மூன்றே கால் சதவீதம் வேகம் கூட்டுங்கள், சுருதியும் சேர்ந்து ஏறும்படி. இரண்டையும் பேர் மாற்றிச் சேமியுங்கள். அப்புறம், மண்டபத்து பிளேயரில் ஃபிளாக் (FLAC) வகை ஃபைல் எடுக்காமல் போகலாம், எம்பி3 ஆக்கி முதல் நாளே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.